ஐம்பது ரவைப் பட்டி

சென்ற தவணையில் ஒரு நாள், பத்தாந்தர மாணவனொருவன் தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் துப்பாக்கியொன்றை வரைந்துகொண்டிருந்தான். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் கையாண்ட எம்.ஜி. 42 என்னும் இயந்திரத் துப்பாக்கி அது. ரவைப் பட்டியைக்கூடக் கண்ணி கண்ணியாகத் தீட்டியிருந்தான். கண்டிக்கவே அருகிற் சென்றோம். “சேர், இது நிமிசத்துக்கு ஆயிரத்திருநூறு ரவை சுடும்” என்றான். ஒரு கணம் நாமும் வியந்து நின்றோம் என்பதை மறைப்பதற்கில்லை.

தொழில் நுட்பத்தில் அது வியப்புக்குரியதே. முந்திய எம்.ஜி. 34 உருக்கைக் கடைந்து செய்யப்பட்டது. 1942இல் வந்த இதுவோ பெரும்பாலும் தகட்டை அச்சில் அழுத்திப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. வேலைநேரம் ஏறத்தாழப் பாதியாயிற்று. இதனை ஆக்கிய குரோஸ்ஃபுஸ் நிறுவனம் முன்னர் தகர விளக்குகள் செய்தது. ஐம்பது ரவை கொள்ளும் உலோகப் பட்டி ஒன்றை இன்னொன்றுடன் இணைப்பதும் ஒரு ரவையே. சுட்டபின்னும் பட்டி சிதறாது, மீண்டும் நிரப்பலாம்.

கரும்பலகையிற் கணக்கிட்டோம். ஒரு பட்டி இரண்டரை நொடியில் தீர்ந்துவிடும்.

“அப்படியானால் இத்தனை ரவைகளையும் செய்தது யார்?” என்று கேட்டோம். வகுப்பு மௌனமாயிருந்தது.

போலந்தின் ஸ்கார்ஷிஸ்கோ-காமியன்னா நகரைப் பற்றிச் சொன்னோம். ஆங்கிருந்த ரவைத் தொழிற்சாலையை நடத்தியது லைப்சிக்கைச் சேர்ந்த ஹசாக் கம்பனி. அதுவும் 1863இல் விளக்குத் தொழிற்சாலையாகத் தோன்றியதே. 1942 முதல் 1944 வரை யூத மக்கள் அங்கே முகாமில் அடைக்கப்பட்டுக் கட்டாய வேலை வாங்கப்பட்டனர். ஒரு பிரிவிலே பிக்ரிக் அமிலத்தோடு உழைத்தவர்களின் தோலும் தலைமயிரும் மஞ்சளாயின. பசியாலும் நோயாலும் கொலையாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

“அவையளுக்குச் சம்பளம் குடுத்தவையோ, சேர்?” என்று கேட்டான், படம் வரைந்தவன்.

கம்பனி பணம் கொடுத்ததுண்டு. உழைத்தவர்களுக்கன்று, அவர்களை அடைத்துவைத்த எஸ்.எஸ். படைக்கு. இதைச் சொன்னதும் அவன் கொப்பியை மெல்ல மூடினான்.

நிமிடத்துக்கு எத்தனை ரவை என்பதை அவன் எவரும் கற்பியாமலே அறிந்திருந்தான். சம்பளத்தைப் பற்றிய கேள்வியோ, நாம் வாய் திறந்த பின்னரே அவனிடம் பிறந்தது. இத்தனை ஆண்டுகள் போரைத் திகதிகளாக மட்டும் ஒப்புவிக்கச் செய்த குற்றம் எம்முடையது.