விளக்கெண்ணெயின் பாகுநிலை எவ்வளவு?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் ஸ்டோக்ஸ் முறை என்று ஒன்று வரும். உயரமான கண்ணாடி ஜாடி நிறைய விளக்கெண்ணெய். ரெக்கார்டு நோட்டில் மட்டும் ஆமணக்கு எண்ணெய் என்று எழுத வேண்டும்! அதில் சின்ன எஃகு குண்டைப் போட்டு, இரண்டு குறிகளுக்கு நடுவே விழ எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்க்க வேண்டும். மெதுவாக விழுந்தால் பாகுநிலை அதிகம். அவ்வளவுதான் சங்கதி.

ஒரு மாணவன் இதைச் செய்தான். குண்டின் விட்டம் 3 மி.மீ., தூரம் 30 செ.மீ., நேரம் 4 வினாடி. கணக்குப் போட்டால் பாகுநிலை 450 மில்லிபாஸ்கல்-வினாடியை ஒட்டி வந்தது. இணையத்தில் தேடிப் பார்த்தால் 986 என்று இருந்தது. பாதிகூட இல்லையே! மூன்று முறை குண்டு போட்டும் அதே 4 வினாடிதான். கடைசியில் நோட்டில் 4-ஐ அழித்து 8.8 என்று எழுதினான். விடை "சரியாக" வந்தது, டிக்கும் விழுந்தது.

உண்மையில் அவன் முதலில் கண்ட விடைதான் சரி. 986 என்பது 20 டிகிரி செல்சியஸில் உள்ள அளவு. அன்று ஆய்வகச் சுவரில் தொங்கிய வெப்பமானி 30 காட்டியது, யாரும் அதைப் பார்க்கவில்லை. விளக்கெண்ணெய்க்கு 10 டிகிரியில் 2420, 30-ல் 451, 40-ல் 231. ஒரு டிகிரி ஏறினாலே 7, 8 சதவீதம் குறைகிறது என்றால் பாருங்கள்! சூடு ஏற ஏற மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பது தளர்ந்து, சுலபமாக வழுக்கிப் போகின்றன.

தண்ணீரும் அப்படியே. "தண்ணீருக்கு 1" என்று எல்லோரும் மனப்பாடம் செய்வது 20 டிகிரிக்கு மட்டும்தான் பொருந்தும். 0 டிகிரியில் 1.79, 30-ல் 0.80, கொதிக்கும்போது 0.28.

தேனுக்கு ஒரே எண்ணைத் தேடுவதே வீண். அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், அதனால் மூடாமல் வைத்த பாட்டிலில் அளந்தால் குறைவாகத்தான் வரும். தக்காளி சாஸ் இன்னும் மோசம், குலுக்கினாலே இளகிவிடும்.

இன்னொரு வம்பும் உண்டு. சில அட்டவணைகளில் பாகுநிலையை அடர்த்தியால் வகுத்து சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் போட்டிருப்பார்கள். தண்ணீருக்கு இரண்டுமே 1 என்பதால் வித்தியாசம் தெரியாது. பாதரசத்தைப் பார்த்தால் தெரியும். ஒரு அட்டவணையில் 1.55, தண்ணீரைவிட அதிகம். மற்றதில் சுமார் 0.11, தண்ணீரில் ஒன்பதில் ஒரு பங்கு!

அந்த மாணவனுடைய ரெக்கார்டு நோட்டு அடுத்த வருடப் பசங்களிடம் போய்விட்டது. 8.8 வினாடி என்று பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.