வெல்டிங் பக்கத்துல வளைஞ்ச கால்

ஏஜ் ஹார்டனிங் பத்தி 13 மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதினவன் நான். ஆனா வன்னியம்பட்டி வீட்டுல அப்பத்தாவோட வாக்கர் கால் உடைஞ்சப்போ அதுல ஒரு வரிகூட ஞாபகம் வரல.

காலேஜ் கோ-கார்ட் புராஜெக்ட்ல மிஞ்சின 6061-டி6 குழாய் கையில இருந்தது. மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த அலுமினியம். இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், துருவும் பிடிக்காது. அளவா வெட்டி, டிக் வெல்டிங் வச்சுக் கொடுத்தேன். "எம்பேரன் இன்ஜினியர்"னு அப்பத்தா தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க.

மூணாம் நாள் வாக்கர் மடங்கிருச்சு. பக்கத்துல சுவர் இருந்ததால அப்பத்தா விழல. வெல்டிங் அப்படியே இருந்தது. ஒரு விரல் தள்ளி குழாய் வளைஞ்சிருந்தது.

அதைப் பார்த்ததும்தான் எழுதின நாலு பக்கமும் ஞாபகம் வந்தது. டி6 வலிமை வெப்பத்தால் வருவது. சுமார் 530 டிகிரியில் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு 170 டிகிரி அளவில் பல மணி நேரம் வைப்பார்கள். அப்போது உள்ளே உருவாகும் மிக நுண்ணிய மெக்னீசியம் சிலிசைடு துகள்கள்தான் உலோகத்தை வளையவிடாமல் பிடித்து வைக்கின்றன. வெல்டிங் சூடு அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடும். 276 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும் குழாய், வெல்டிங்கை ஒட்டிய இடத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம்.

இப்போ வெல்டிங் இல்லாம, உள்ளே இன்னொரு குழாயைச் செருகி போல்ட் போட்டிருக்கேன். முதல்ல என் முழு எடையையும் அதுமேல வச்சுப் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன்.

அப்பத்தா வாங்கிக்கிட்டாங்க. ஆனா இன்னும் ஒரு கை சுவரைத்தான் பிடிச்சிருக்கு.