நீராவிப் படகின் உடல்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னபட்டணா உள்ளது. மரப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்குப் பொம்மை கடையும் மரத்தைக் கன்னடர் ‘ஹாலெ’ என்பர். தமிழர் வெட்பாலை என்பர். பட்டையைக் கீறினால் பால் வடியும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு! உளிக்கு எளிதில் இணங்கும் இம்மரம், வீட்டில் சிறு நீராவிப் படகு செய்வோர்க்கு ஏற்றது.

கொதிகலனும் அதிலுள்ள நீரும் கனமானவை. அவை உயரத்தில் அமர்ந்தால் படகு கவிழும். ஆகவே, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உட்புறத்தை ஆழமாகக் குடைய வேண்டும். உளி பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் நன்று. பின்னர் உப்புத்தாளால் தேய்த்து, உள்ளும் புறமும் வார்னிஷ் பூச வேண்டும். இல்லையேல் மரம் நீரை உறிஞ்சி உப்பிவிடும். விளக்கின் சூட்டில் மரம் கருகாதிருக்க, அதன் அடியில் தகரம் இடுவர்.

அடுத்து, தொட்டி நீரில் மிதக்கவிட்டு, கொதிகலனுக்கு ஈடான எடையுள்ள கூழாங்கற்களை வைத்துப் பார்ப்பர். படகு ஒருபுறம் சாயும்; கற்களை நகர்த்தினால் மறுபுறம் சாயும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்! நிமிர்ந்து நிற்கும் இடம் கிடைத்ததும் பென்சிலால் குறித்துக்கொள்வர். கொதிகலனுக்கு உரிய இடம் அதுவே.

நீராவிக் கப்பல் என்றால் தமிழர்க்குத் தூத்துக்குடி நினைவுக்கு வரும். 1906-இல் வ.உ.சிதம்பரனார் அங்குச் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் கப்பல்கள் கொழும்புக்குச் சென்றுவந்தன. கப்பலின் அடிமரத்திற்குத் தமிழில் ‘ஏரா’ என்றும், விலாச் சட்டங்களுக்கு ‘வங்கு’ என்றும் பெயர். குடைந்து செய்த சிறு படகுக்கு வங்கு வேண்டியதில்லை. ஏரா மட்டும் வேண்டும்: அடியில் நீளவாக்கில் ஒட்டிய மெல்லிய சட்டம், படகை நேரே செல்ல வைக்கும்.