மாடிப்படி ஏறிப் பார்த்தீங்களா?

போன வாரம் கிளினிக்குக்கு ஒரு அண்ணன் வந்தார். வயது 44. பிரஷர் 160/100. மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறார். "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்க சார்... வேலையை விட்டுட்டு பிஎஃப் பணத்துல ஓட்டல் போடலாம்னு இருக்கேன். ராத்திரி பூரா அதே யோசனைதான்."

"ஓட்டல் ஏன்?"

"எனக்கு நல்லா சமைக்க வரும் சார்."

இதைக் கேட்டதும் எனக்கு என் கதை ஞாபகம் வந்துவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் சொந்தமாக கிளினிக் போட்டேன். கூடவே ஒரு மருந்துக்கடை. மனைவியின் நகை அடகுக்குப் போனது. "எனக்கு நல்லா வைத்தியம் பார்க்க வரும்" என்பது மட்டும்தான் என் தைரியம்.

கூட்டம் வந்தது. ஆனாலும் பதினான்காவது மாதம் இழுத்து மூடினேன். எங்கே தப்பு?

1. தெரிந்த முகம் என்றால் ஃபீஸ் கேட்க எனக்கு வாய் வராது.

2. ஸ்டாக் பார்க்கப் பிடிக்காது. மொத்த வியாபாரியிடம் நேரத்தோடு திருப்பியிருக்க வேண்டிய மருந்தெல்லாம் அலமாரியிலேயே காலாவதி ஆனது.

3. கடைப் பையன் தப்பு செய்தால் கண்டிக்கத் தெரியாது.

வைத்தியம் பார்ப்பது வேறு, கடை நடத்துவது வேறு. நகை மூழ்கப் போகும்போதுதான் இது உறைத்தது.

இத்தனைக்கும், அவசர ஆபரேஷன் தவிர, ஃபிட்னஸ் பார்க்காமல் யாரையும் நாங்கள் தியேட்டருக்குள் விடுவதில்லை. ரத்தம், சுகர், ஈசிஜி என்று பார்ப்போம். அதோடு ஒரு எளிய கேள்வியும் உண்டு: "ரெண்டு மாடி நிக்காம ஏறுவீங்களா?"

"உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். இதயமும் நுரையீரலும் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதை மாடிப்படிதான் ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

தொழில் தொடங்க நினைக்கிறவரா நீங்கள்? "எனக்கு என்ன திறமை?" என்று உட்கார்ந்து யோசிக்காதீங்க. ஏறிப் பாருங்க.

* ஒரு மாதம், தினமும் இரவு வீட்டுச் செலவைப் பைசா விடாமல் எழுதுங்கள். எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறீர்களோ, அதுதான் உங்கள் கணக்குத் திறமை.

* கைமாற்று வாங்கியவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். உறவும் கெடாமல் பணமும் வந்தால் வசூல் உங்களுக்கு வரும்.

* தொடங்கப் போகிற அதே தொழிலை, லீவு நாட்களில் வேறொருவர் கடையில் செய்து பாருங்கள்.

* மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு வழி சொல்கிறார். முக்கியமான முடிவு எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள். 9 அல்லது 12 மாதம் கழித்து, நடந்ததோடு ஒப்பிடுங்கள். உங்கள் பலம் எங்கே என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

சரி, குறை இருந்தால் தொழிலே வேண்டாமா? அப்படி இல்லை. ரத்தம் குறைவு என்றால் ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ரத்தத்தைக் கூட்டிவிட்டுச் செய்கிறோம் இல்லையா? எனக்குக் குறைந்ததை என் மனைவி ஈடு கட்டினாள். இரண்டாவது முறை கிளினிக் போட்டபோது, "மருந்துக்கடை வேண்டாம், கல்லா என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். மூன்று வருடத்தில் நகை வீடு திரும்பியது.

அந்த அண்ணனிடம் சொன்னேன்: "இப்போ ராஜினாமா கடிதம் கொடுக்காதீங்க. நாலு ஞாயிற்றுக்கிழமை, தெரிஞ்சவர் ஓட்டலுக்குக் காலை நாலு மணிக்கே போங்க. ராத்திரி கல்லா எண்ணி முடிக்கிற வரைக்கும் கூட நில்லுங்க. அப்புறம் வாங்க, பிரஷரும் பார்ப்போம், ஓட்டலும் பேசுவோம்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதுக்குச் சம்பளம் தருவாங்களா சார்?"

சிரித்துவிட்டேன். காசு கேட்க அவருக்கு வாய் வருகிறது. அந்த விஷயத்தில் என்னைவிட ஒரு மாடி மேலேதான் நிற்கிறார்.