உடம்புக்கு அளவெடுத்த படகு!

சட்டைக்கு அளவெடுப்பாங்க, செருப்புக்கு அளவெடுப்பாங்க. படகுக்கு யாராவது உடம்பை அளப்பாங்களா? கிரீன்லாந்தில் அளப்பாங்க பாஸ்!

உலகத்திலேயே பெரிய தீவு. அதில் சுமார் 80 சதவிகிதம் ஐஸ். மொத்த ஜனமே 57 ஆயிரம் பேருக்குள்தான். தலைநகர் நூக்கில் பழைய துறைமுகத்துப் பக்கம் தேசிய மியூசியம் இருக்கிறது. உள்ளே போனால், ஊசி மாதிரி ஒல்லியான படகுகளைப் பார்க்கலாம். அதுதான் கயாக். சீல் வேட்டைக்காக இன்யூட் மக்கள் கண்டுபிடித்த ஒற்றை ஆள் படகு.

பேப்பர் இல்லை, டேப் இல்லை!

அந்தக் காலத்தில் கயாக் கட்ட வரைபடமெல்லாம் கிடையாது. வேட்டைக்காரரின் உடம்புதான் ஸ்கேல். இரண்டு கைகளையும் விரித்து அளந்தால், நம்ம மீனவர்கள் 'ஒரு பாகம்' என்பார்களே, அதுபோல சுமார் மூன்று பாகம் நீளம். இடுப்பு அகலத்தோடு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கைமுட்டி சேர்த்தால் படகின் அகலம். ஊருக்கு ஊர் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் ஒருத்தர் கயாக் இன்னொருத்தருக்கு அவ்வளவு லேசில் செட் ஆகாது!

மரத்துக்கு எங்கே போவது? கிரீன்லாந்தில் படகு கட்டுகிற மாதிரி மரமே வளராது. சைபீரிய ஆறுகள் அடித்துக்கொண்டு வரும் மரங்கள் கடல் ஐஸோடு மிதந்து, வருஷக்கணக்கில் பயணம் செய்து கரை ஒதுங்கும். அதைப் பொறுக்கிச் செதுக்கி, நம்ம கட்டுமரம் மாதிரியே ஆணிக்குப் பதில் கட்டுப் போட்டு இறுக்குவார்கள். அதனால் அலை அடித்தால் சட்டம் வளைந்து கொடுக்கும், உடையாது. மேலே போர்த்துகிற சீல் தோலைத் தண்ணீர் புகாமல் தைப்பது பெண்கள் வேலை. ஒரு தையல் விட்டால் வீட்டுக்காரர் திரும்பி வரமாட்டார்!

ஏன் இவ்வளவு டைட்?

ஐஸ் மிதக்கும் கடலில் விழுந்தால் சில நிமிஷத்தில் கை கால் மரத்துவிடும். அதனால் கயாக் கவிழ்ந்தாலும் அதைவிட்டு வெளியே வரக்கூடாது. துடுப்பை வீசி, இடுப்பைச் சுண்டி, படகோடு சேர்ந்து நிமிர வேண்டும். படகு லூஸாக இருந்தால் இடுப்பு சுண்டினாலும் அது கேட்காது. இப்போ புரியுதா அந்த அளவின் ரகசியம்?

இந்த வித்தையைக் கற்றுக்கொண்டவர் கினோ வாட்கின்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் இளைஞர். கில்லாடிதான். ஆனாலும் 1932-ல் கிரீன்லாந்தில் தனியாக வேட்டைக்குப் போனார். கயாக் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அவர் கிடைக்கவே இல்லை. வயது 25.

பசங்க காப்பாத்தினாங்க!

மோட்டார் படகுகள் வந்ததும் கயாக் ஓரங்கட்டப்பட்டது. அளவுகள் தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். 1980-களில் இளைஞர்கள் முழித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த தாத்தாக்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். 1985-ல் கயாக் சங்கம் உருவானது. இப்போது ஆண்டுதோறும் தேசியப் போட்டி நடக்கிறது. கவிழ்ந்து நிமிர்வதில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட ஸ்டைல்! சீல் தோலுக்குப் பதில் கேன்வாஸ், நைலான். அளவு மட்டும் அதே கை, அதே இடுப்பு.

போக ஆசையா? 2024 நவம்பரில் நூக்கில் பெரிய ஏர்போர்ட் திறந்தாச்சு. கோபன்ஹேகனிலிருந்து நேரடி விமானம் உண்டு. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. 'கிரீன்லாந்துக்குச் செல்லும்' என்று விசாவிலேயே குறிப்பு இருக்கணும், மறந்துடாதீங்க.

அதுவரை ஒரு ஹோம் ஒர்க். உங்க ஊர் வள்ளமோ, பரிசலோ, அதைக் கட்டத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அளவு கேளுங்க. நோட்டும் பேனாவும் எடுத்துட்டுப் போங்க!