குளத்துக்கரை அண்ணாச்சிமாருக்கும் ஆச்சிமாருக்கும்

தென்காசி, குற்றாலம் சுற்றுவட்டாரத்து மக்களுக்கு,

மார்கழிக் கடைசியில் உங்கள் குளத்துக்கரைகளில் ஒரு பழைய வேன் நின்றதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஜன்னலில் கேமரா, அதன் பக்கத்தில் ஒரு நாயின் மூஞ்சி. வேனில் இருந்தது நானும் என் கணவரும். நாய் சிப்பிப்பாறைக் கலப்பு. நிறத்தை வைத்தே அதற்குச் செவலை என்று பெயர். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றியைப் பொதுவில் எழுதுகிறேன்.

காட்டுயிர்ப் படம் எடுக்கப் போகிறவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டா போவார்கள் என்று கிளம்பும்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி. குற்றாலத்துக்கு மேலே எழும் மலைத்தொடரின் காடுகள் 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. தெற்கே களக்காடு முண்டந்துறை, 1988இலிருந்து புலிகள் காப்பகம். அங்கெல்லாம் வீட்டு நாய் நுழையக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இது செந்நாய்கள் வாழும் மலை. நம் நாயைத் தொற்றும் நோய் அவற்றையும் தொற்றும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது, காரணங்களில் ஒன்றாகக் கண்டது நாய்களிடம் பரவலாக இருக்கும் டிஸ்டெம்பர் வைரஸை. அதனால் செவலைக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டு, காட்டு எல்லையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தோம். செண்பகாதேவி அருவிப் பாதை தொடங்கும் இடத்தில் நின்ற வேட்டைத் தடுப்புக் காவலர், நாங்கள் கேட்காமலேயே வேனுக்குள் எட்டிப் பார்த்து, "நாய கீழ இறக்காதிய, குரங்கு நிக்கி" என்றார். அவர் வேலையில் இருக்கும் பலருக்கு நிரந்தரப் பணி கிடையாது. மழையிலும் அட்டைக்கடியிலும் நடக்கும் அவர்களுக்கு என் முதல் நன்றி.

காடு இல்லை என்றானபின் எங்களுக்கு மிஞ்சியது சமவெளி. மிஞ்சியது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, அத்தனை கிடைத்தது அங்கே. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்வதற்குள் எத்தனை வயலுக்கும் குளத்துக்கும் தண்ணீர் கொடுத்துவிடுகிறது! ஆனியிலும் ஆடியிலும் அருவிக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் குளங்கள் தெரிவதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்து, மறுகால் பாய்ந்து, பிசானப் பயிர் பச்சை பிடித்து நிற்கும் நாட்களில் வர வேண்டும். கீழப்பாவூர்ப் பக்கம் விடியலில் வேனை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டால் போதும். கரையில் ஆள் நடந்தால் எழும்பிப் பறக்கிற பறவை, நிற்கிற வண்டியைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுகிறது. ஜன்னல் விளிம்பில் அரிசி அடைத்த துணிப்பையை வைத்து, லென்ஸை அதன்மேல் கிடத்திவிட்டுக் காத்திருப்போம். நத்தைக்குத்தி நாரை சேற்றில் அலகை விட்டுத் துழாவும். அரிவாள்மூக்கன்கள் வரிசையாக நடக்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தி வந்து, கருவேலங்கிளையில் ஏறிச் சிறகை விரித்துக் காய வைக்கும். வடக்கே இருந்து வந்த ஊசிவால் வாத்துகள் குளத்தின் நடுவில் கூட்டமாக மிதக்கும். எங்களுக்கு ஒன்றும் கேட்காத நேரத்தில் செவலையின் காது நிமிரும். அது பார்க்கும் திசையில் கேமராவைத் திருப்புவோம். நாணலுக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி வெளியே வந்த படம் அப்படிக் கிடைத்ததுதான்.

இந்தக் குளங்களில் பெரும்பாலானவை சரணாலயம் இல்லை. வேலி கிடையாது, நுழைவுச்சீட்டு கிடையாது. துணி துவைக்கிறார்கள், மாடு குளிப்பாட்டுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். அதற்கு நடுவில்தான் பறவைகள் பயமில்லாமல் இரை தேடுகின்றன. அந்தப் பயமின்மை நீங்கள் கொடுத்தது.

மீன் குத்தகை எடுத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம், கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்கினால் நஷ்டம்தானே, வெடி போட்டு விரட்ட மாட்டீர்களா என்று கேட்டேன். "அதுக்கும் வயிறு இருக்குல்லா" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவருக்கு ஒன்றும் இல்லை, வலையை உதறப் போய்விட்டார். அவர் கைப்பணத்தில்தான் அந்தக் கூழைக்கடாக்கள் வளர்கின்றன. அண்ணாச்சி, நாங்கள் எடுத்ததிலேயே நல்ல படம் உங்கள் குளத்தில் எடுத்ததுதான்.

உச்சிவெயிலில் வேனுக்குள் இருந்த செவலையைப் பார்த்து எங்களைக் கண்டித்து, புளியமரத்து நிழலில் கட்டச் சொல்லி, சட்டியில் நீச்சத்தண்ணி கொண்டுவந்து வைத்த ஆச்சிக்கு நன்றி. தரிசில் கிடை போட்டிருந்த கோனாருக்கும் நன்றி. அவருடைய இரண்டு காவல் நாய்கள் செவலையை நோக்கிப் பாய்ந்து வந்தபோது ஒரே அதட்டலில் நிறுத்தினார். பிறகு செவலையின் ஒட்டிய வயிற்றையும் நீண்ட காலையும் தடவிப் பார்த்து, எந்த ஊர்க் குட்டி என்று விசாரித்தார். சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் இந்தத் தென்சீமையின் நாய்கள். அவருக்குத் தெரிந்த அளவு நாய் லட்சணம் எங்களுக்குத் தெரியாது. ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலையே வந்தது. நம் நாயினங்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல் எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் தபால் துறையில் உயர்பதவியில் இருந்தவர், காட்டுயிர் பற்றியும் தமிழில் தொடர்ந்து எழுதுபவர். நாயை நேசிப்பவர் காட்டுயிரையும் நேசிக்கலாம் என்பதற்கு அவர் எழுத்தே எங்களுக்குத் துணை. அவருக்கும் இந்த மடலில் ஒரு நன்றி.

நான் நன்றி சொல்ல வேண்டிய இன்னொருவர் 1996இல் காலமாகிவிட்டார். மா. கிருஷ்ணன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், அ. மாதவையாவின் மகன். 1950இலிருந்து இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். பாகங்களைத் தானே ஒன்றுசேர்த்த கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாக நடந்து, யானையையும் காட்டெருதையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர், ஊர்ப்புறத்துக் காக்கையையும் அணிலையும் அதே அக்கறையோடு எழுதினார். புலி கிடைக்காவிட்டால் பயணம் வீண் என்று நினைக்கிறவர்கள் அவரைப் படிக்க வேண்டும்.

உங்களுக்கு நன்றி சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. காட்டுயிரோடு வாழ்வது படம் எடுக்க வருகிறவனுக்கு இன்பம். மலையடிவாரத்தில் குடியிருப்பவனுக்கு அது செலவு. வடகரை, மேக்கரைத் தோப்புகளில் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகிறது. பயிரைப் பன்றி உழுதுவிடுகிறது. 2022 நவம்பரில் கடையம் பக்கம் கரடி தாக்கி மூன்று பேர் படுகாயப்பட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் மலையைக் காட்டி, "அதுக எங்க போவும்?" என்று கேட்டவர்களை அந்த வட்டாரத்தில்தான் பார்த்தேன். இழப்பீடு தாமதமில்லாமல், அலையவிடாமல் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பறவையையும் யானையையும் ரசிக்கிற நாங்கள் எல்லாரும் அதற்காகக் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்து வாகைக்குளத்திலும் ஊர்மக்கள்தான் காவல். கூந்தன்குளத்துக்கு 1994இலிருந்து சரணாலயம் என்ற பெயர் உண்டு. பெயரில்லாத உங்கள் குளங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு நீங்கள். கரையில் குப்பை கொட்டாமல், கோழிக்கழிவை இறக்க வரும் வண்டிகளைத் திருப்பி அனுப்பி, மடையைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வரைக்கும் எல்லாமே பறவைக் காவல்தான்.

குற்றாலத்துக்கு வருகிறவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள்; கையிலிருந்து வாங்கிப் பழகிய குரங்கு அடுத்த ஆளிடம் பிடுங்கும், கடிக்கும், ரோட்டில் அடிபட்டுச் சாகும். நாயோடு வருகிறவர்கள் தடுப்பூசி போட்டுக் கூட்டி வாருங்கள். குளத்துக்கரையில் வாரைக் கழற்றாதீர்கள். ஆட்காட்டி போன்ற பறவைகள் வெறுந்தரையில் முட்டையிடுபவை. எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் அவிழ்த்துவிட்டால் அது நாய்தான்.

2011இலிருந்து ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி, மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டக் குளங்களுக்குத் தன்னார்வலர்கள் போகிறார்கள். உங்கள் பிள்ளைகளை அதற்கு அனுப்புங்கள். அவர்கள் குளத்துப் பறவைகளை எண்ண அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் வேறு யாரும் இல்லை.


செவலையோடு வந்த வேன்காரர்கள்