ஒரு நட்டும் ஒரு பொய்யும்

அப்பாவுக்கு அம்பாசிடர்னா உசுரு. 2014-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்கன்னு பேப்பர்ல பார்த்த அன்னிக்கு மனுஷன் சரியா சாப்பிடலை. ஆரணியில நெசவு வீடு எங்களுது. "பட்டு மூட்டைய ஏத்திட்டுப் போக வேற எந்த வண்டிடா?"ன்னு இன்னிக்கும் கேட்பார்.

போன மாசம் பின்னாடி இடது கமான் பட்டையில ஒரு பட்டை உடைஞ்சிருந்துச்சு. பட்டறையில புதுசு போட்டு, புஷ் எல்லாம் மாத்திக் கொடுத்தாங்க. கிளம்பும்போது மெக்கானிக் அண்ணன், "ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க தம்பி. பட்டைங்க உக்காந்ததும் யூ போல்ட் லூஸாகும், திரும்ப முறுக்கணும்"னார். தலையாட்டினேன். போகலை. சோம்பேறித்தனம், வேறென்ன?

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு திருமலை கிளம்பினேன். ஐம்பதடி உசர நேமிநாதரை இன்னொரு தடவை பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை அவருக்கு. வடமாதிமங்கலம் தாண்டி ஒரு வேகத்தடை. டொக்! அதுக்கப்புறம் வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமா இழுக்குது, எதிர்ல பஸ் வேற. எப்படியோ ஓரங்கட்டிட்டேன். இறங்கிப் பார்த்தா, இடது பின்சக்கரம் பின்னால தள்ளி மட்கார்டை உரசிக்கிட்டு நிக்குது.

விஷயம் இதுதான் மக்களே. இந்த மாதிரி வண்டியில கமான் பட்டை எடையை மட்டும் தாங்கலை, பின் அச்சை அதோட இடத்துல பிடிச்சு வச்சிருக்கறதும் அதுதான். அந்தப் பிடி யூ போல்ட்டோட இறுக்கத்துல இருக்கு. அது தளர்ந்தா மொத்த இழுப்பும் விரல் தடிமன் சென்டர் போல்ட் மேல விழும். அது முறிஞ்சா அச்சு நகர்ந்துடும்.

"திரும்ப முறுக்கணும்னு அவன் சொல்லலையா?"ன்னார் அப்பா.

"இல்லப்பா."

எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியலை.

வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போய்ச் சேர்ந்ததும், பட்டறையில அப்பா கத்தின கத்து இருக்கே... அந்த அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. "என் தப்புதான் பெரியவரே"ன்னுட்டு ஸ்பானரை எடுத்தார்.

ராத்திரி தூக்கம் வரலை. காலையில அப்பாகிட்ட உண்மையைச் சொன்னேன். திட்டலை. சட்டையை மாட்டிக்கிட்டு, "வா, அவன்கிட்ட மன்னிப்பு கேக்கணும், ரெண்டு பேரும்"னார்.

இப்போ ஒரு வாரம் ஆச்சு. நாளைக்குக் காலையில முதல் வேலை, யூ போல்ட் முறுக்கறது.